எந்தக் கசிவு உங்களுடையது? பெண்களின் சிறுநீர்க் கசிவும் இடுப்புத்தளமும்

சிறுநீர்க் கசிவு என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. காய்ச்சல் மாதிரி அதுவும் ஓர் அறிகுறிதான். காய்ச்சல் என்று போய் உட்கார்ந்தால் எத்தனை நாளாக, குளிர் நடுக்கம் உண்டா, இருமல் இருக்கிறதா என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுத்தான் டாக்டர் சீட்டு எழுதுவார். ஆனால் ஒரு பெண் வாயைத் திறந்து "ஒன்றுக்கு அடக்க முடியலை" என்று சொன்னால் மட்டும், தசை தளர்ந்துபோச்சு, அந்தத் தசையைச் சுருக்கிச் சுருக்கி விடும் கெகல் பயிற்சி செய் என்று யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் வைத்தியம் சொல்லிவிடுகிறார்கள். சிலருக்கு அது சரியான வைத்தியம், சிலருக்குப் பாதி வைத்தியம், இன்னும் சிலருக்கு இருக்கிற தொல்லையைக் கூட்டிவிடுகிற வைத்தியம். யாருக்கு எது என்பது, கசிவது எப்போது என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

நான் மருத்துவர் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏழு வருடம் இதோடு குடித்தனம் நடத்தியவள், அவ்வளவுதான். பிள்ளை பெற்றால் இப்படித்தான், வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று சொன்னவர்களை நம்பி ஏழு வருடம் போனது. நிறையப் பேருக்கு வருகிறது என்பது உண்மை. பல்சொத்தையும்தான் நிறையப் பேருக்கு வருகிறது, அதற்காக அதை யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை.

அந்தத் தசை எங்கே இருக்கிறது

இடுப்பெலும்பை அடிப்பாகம் இல்லாத பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றின் கீழ்க்கோடியில் கையை வைத்து அழுத்தினால் ஓர் எலும்பு கடினமாகத் தட்டுப்படும். பின்பக்கம் முதுகெலும்பு முடிகிற இடத்தில் வால் எலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியதுபோல விரிந்து கிடக்கும் தசைகளைத்தான் இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். தூளியின் மேல் முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் என்று மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றுக்குமான வாசல்களும், அதாவது சிறுநீர்க்குழாய், யோனி, ஆசனவாய், இந்தத் தசையின் நடுவே புகுந்துதான் வெளியே வருகின்றன. தாங்கவும் வேண்டும், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். கைத்தசைக்கும் கால்தசைக்கும்கூட இத்தனை வேலை கிடையாது.

நீங்கள் தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். நன்றாக இருக்கும் தளம், தும்மல் வெளியே வருவதற்கு ஒரு கணம் முன்பே உங்களைக் கேட்காமலே இறுகிக்கொள்ளும். நாள் முழுக்க மெதுவாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் நார்களும் அதில் உண்டு, இப்படிச் சட்டென்று சுருங்கும் நார்களும் உண்டு. பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு வகையும் மறுபடி வரும்.

இது எதனால் பழுதாகிறது என்றால், முதல் காரணம் பிரசவம். குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் நடுப்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் என்றால் தசை கிழிகிற அபாயம் இன்னும் அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடுவதில்லை, ஒன்பது மாதம் சுமந்ததும் தளத்துக்கு ஒரு சுமைதானே. அப்புறம் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து சிறுநீர்க்குழாய், யோனி இவற்றின் சுவர் மெலிவது, ஆண்டுக்கணக்கான மலச்சிக்கலும் முக்கலும், விடாத இருமல், உடல் எடை. பிள்ளையே பெறாத ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்கும் இது வருகிறது, ஓயாமல் குதிப்பதால்.

எப்போது கசிகிறது?

தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், கனமான எதையாவது தூக்கினால் கசிகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றால் அது அழுத்தக் கசிவு. மருத்துவத்தில் இதற்கு ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைப் போடுவார்கள். என் சீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "டென்ஷனால வருதா டாக்டர்?" என்று கேட்டு அசடு வழிந்தேன். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே பழுது மூடியில், அதாவது சிறுநீர்க்குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசையில் இருக்கிறது, பையில் இல்லை.

இரண்டாவது வகையில் பழுது பையில். சிறுநீர்ப்பையின் சுவரே ஒரு தசைதான், நிரம்புகிற வரைக்கும் அது சும்மா இருக்க வேண்டும். சிலருக்கு அது பாதி நிரம்புவதற்குள்ளேயே தன்னிஷ்டத்துக்குச் சுருங்குகிறது. அப்போது வருகிற அவசரம் வேறு மாதிரி இருக்கும். இதோ வருகிறது என்று தோன்றுவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே இடைவெளியே இருக்காது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், கையில் தண்ணீர் பட்டால், வெளியே போய்த் திரும்பி வீட்டுக்கதவில் சாவியை நுழைத்தால், அந்த நொடியில் வரும். இது அவசரக் கசிவு. கசியாமல் வெறும் அவசரமும், அடிக்கடி போவதும், ராத்திரி எழுந்திருப்பதும் மட்டும் இருந்தாலும் மிகைச் செயல்பாடுள்ள சிறுநீர்ப்பை என்றுதான் சொல்வார்கள்.

இரண்டும் சேர்ந்தே இருப்பது ரொம்ப சாதாரணம். என்னுடையது அந்தக் கலப்பு ரகம்தான்.

இவற்றோடு முடியவில்லை. பை முழுசாகக் காலியாகாமல் எப்போதும் நிறைந்தே இருந்து, விளிம்பில் சொட்டுச் சொட்டாக வழிவதும் உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர்களுக்கும், கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கிக் குழாய் மடங்கிப்போனவர்களுக்கும் இப்படி ஆகலாம். மூட்டுவலியால் கழிவறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாததால் நனைகிறவர்களுக்குப் பையும் பழுதில்லை, மூடியும் பழுதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வெளிச்சமும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று அபூர்வமானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: கஷ்டமான பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு ராப்பகல் இடைவிடாமல் வடிந்துகொண்டே இருந்தால், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அதை எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் மூட முடியாது, பெரும்பாலும் அறுவைதான் தேவைப்படும்.

ஒரு நோட்டும் ஓர் அளவுக் குவளையும்

டாக்டரிடம் போவதற்கு முன்பே வீட்டில் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு. என்ன குடித்தோம், எப்போது போனோம், எத்தனை மில்லி, கசிந்ததா, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தோம், இவ்வளவும் எழுத வேண்டும். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்துத்தான் அளக்க முடியும், முதல் நாள் அருவருப்பாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். என் முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது:

காலை 6.40, 450 மில்லி.
7.10, ஒரு டம்ளர் காபி.
7.50, 130 மில்லி, அவசரம்.
8.20, 90 மில்லி, கிளம்புவதற்கு முன் சும்மா.
10.05, 110 மில்லி, போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் கசிந்தது.
11.00, 80 மில்லி, கூட்டம் தொடங்குவதற்கு முன் சும்மா.

எனக்கு இதில் வெறும் எண்கள்தான் தெரிந்தன. படிக்கத் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் 450 மில்லி போயிருக்கிறது, அதாவது பைக்கு 450 மில்லி பிடிக்கிற கொள்ளளவு இருக்கிறது. தூங்கும்போது பிடித்ததைப் பகலில் 110-லேயே வெளியே தள்ளுகிறது என்றால் பை சுருங்கிப்போய்விடவில்லை, அதற்குக் கெட்ட பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் என் 'சும்மா'வுக்கும் பங்கு உண்டு. எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுவோம் என்று 80, 90 மில்லியிலேயே போய்ப் போய், அவ்வளவுதான் தன் கொள்ளளவு என்று பை நம்பத் தொடங்கிவிடுகிறது. பகலில் ஏழெட்டு முறை போவது வரைக்கும் சாதாரணம். நான் பதினான்கு முறை போயிருந்தேன்.

இந்தக் குறிப்போடு போனால் மருத்துவர் செய்யும் மற்றவை பெரும்பாலும் எளிமையானவை. தொற்று இருக்கிறதா, சர்க்கரை போகிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை. பை நிரம்பியிருக்கும்போது இருமச் சொல்லிக் கசிகிறதா என்று பார்ப்பது. போய்விட்டு வந்தபின் உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன். உள்பரிசோதனை. பைக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை, குழப்பமான நிலையிலும் அறுவைக்கு முன்பும்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் கொண்டுபோக மறக்காதீர்கள். சிறுநீர் அதிகம் பிரிக்கும் மாத்திரை என்றால் காரணம் கேட்கவே வேண்டாம். ஆனால் எனலாப்ரில் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள் விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும், அந்த இருமலில் கசியும். அங்கே மாற்ற வேண்டியது மாத்திரையை.

இழுப்பதும் முக்குவதும்

அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் எழுதிய கட்டுரையால்தான் இந்தப் பயிற்சிக்கு அவர் பெயர் வந்தது. பலர் மறந்துவிடுகிற ஒரு விஷயம், அவர் வெறுமனே பயிற்சியை மட்டும் சொல்லவில்லை. தசை உண்மையிலேயே சுருங்குகிறதா என்று யோனிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் செய்தார். காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தசை இது, சரியாகச் செய்கிறோமா என்று நமக்கே தெரியாது.

நான் நான்கு மாதம் வீடியோ பார்த்துச் செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இறுக்கி, தொடையைச் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு. கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனபோது, அவர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்துக்கொண்டே சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். "நீங்க இழுக்கலைங்க, முக்குறீங்க" என்றார். நான்கு மாதமாக நாளுக்கு மூன்று வேளை தூளியை மேலே தூக்குவதாக நினைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரியாகச் செய்வது எப்படி என்றால், நாலு பேர் நடுவே வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அந்த மாதிரி பின்பக்கத்தைச் சுருக்குங்கள். அந்த இழுப்பை அப்படியே முன்னால் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவாருங்கள். பிறகு மொத்தத்தையும் உள்ளே, மேலே தூக்குங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், செய்யும்போதே ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது. பிட்டமும் தொடையும் தளர்வாக இருக்க வேண்டும். கைக்கண்ணாடியில் பார்த்தால் யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள சதை உள்ளே போக வேண்டும். வெளியே புடைத்தால் நிறுத்திவிடுங்கள், நீங்களும் என் கட்சி.

முடிந்த அளவு நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுசாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான். முதலில் மூன்று நொடிகூடப் பிடிக்காது, மெல்ல மெல்லப் பத்து வரைக்கும் வரலாம். அது மெதுவான நார்களுக்கு. சட்டென்று இறுக்கி உடனே விடுவது வேகமான நார்களுக்கு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை, பயிற்சியாளரின் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அந்த மூன்று மாதத்தை மனதில் வைக்க வேண்டும். இது நம்பிக்கை சார்ந்த விஷயமும் இல்லை. காக்ரேன் அமைப்பு 2018-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். மாத்திரையோ கத்தியோ இல்லாமல் இவ்வளவு வித்தியாசம் காட்டும் வைத்தியம் அதிகம் இல்லை.

தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்னவுடன் தளத்தை இறுக்கிவிட்டு அப்புறம் தும்முவது ஒரு தனிச் சூட்சுமம். தசை பலமாவதற்கு முன்பே, நேரத்துக்குச் சுருக்கக் கற்றுக்கொண்டாலே கசிவு குறைகிறது. ஆனால் சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரே ஒருமுறை செய்து பார்க்கலாம், வழக்கமாக்கினால் பை முழுசாகக் காலியாகாமல் போய்விடும்.

இனி, பயிற்சி யாருக்குக் கூடாது என்பது. சிலருக்குத் தளம் தளர்ந்திருப்பதில்லை, எப்போதும் இறுகியே கிடக்கிறது. உடலுறவில் வலி, இடுப்பில் ஓயாத வலி, சிறுநீர் ஆரம்பிக்கவே நேரமாவது, மலம் கழிக்க முக்க வேண்டியிருப்பது, இவற்றோடு அவசரமும் சேர்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது சுருக்குவதை அல்ல, தளர்த்துவதை. கெகல் செய்தால் வலி கூடும்.

பையைப் பழக்குவது

அவசரக் கசிவுக்கு முதல் வைத்தியம் பைக்குப் பாடம் எடுப்பதுதான். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால், அடுத்த சில நாள் ஒன்றேகால் மணி நேரம், அது பழகியதும் ஒன்றரை, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேரம் வரை நீட்ட வேண்டும். குறைந்தது ஆறு வாரம் ஆகும். அவசரம் வரும்போது ஓடக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் உடம்பு முழுக்க ஓடு ஓடு என்கிறது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, தளத்தை ஐந்தாறு முறை வேகமாகச் சுருக்கிவிட்டுக் காத்திருந்தால், அவசரம் அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்கும். இறங்கியபின் நடந்து போகலாம். முதல் தடவை அது உண்மையிலேயே இறங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பில் கசிந்தது வேறு கதை.

காபி, டீ, கோலா பானங்களிலுள்ள கஃபீன் பையைச் சீண்டும், குறைத்துப் பாருங்கள். தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். சிறுநீர் அடர்த்தியானால் பைக்கு எரிச்சல் கூடி அவசரமும் கூடும், மலச்சிக்கல் வேறு வந்து சேரும். எடை அதிகம் உள்ளவர்களுக்கு அதைக் கொஞ்சம் குறைப்பதே மருந்து மாதிரி வேலை செய்கிறது. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்த பெண்களுக்கு வாரக் கசிவுகள் 47 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த குழுவில் 28 சதவீதம்தான்.

இதற்கு மேல் மாத்திரை. ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் வகையறாக்கள் பையின் தன்னிஷ்டச் சுருக்கத்தை அடக்குகின்றன. வாய் உலர்ந்துபோகும், மலம் இறுகும். வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் பாதிக்கலாம் என்ற கவலை இருப்பதால் மருத்துவர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துகிறது, வாய் அவ்வளவு உலராது, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனிக்குள் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவசரத்தைக் குறைக்க உதவுகிறது. அதே ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் கசிவு கூடலாம், வேடிக்கைதான். அவசரத்துக்கான இந்த மாத்திரைகள் அழுத்தக் கசிவுக்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தோழிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரைக்கும் மசியாவிட்டால் இன்னும் வழிகள் உண்டு. பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் ஊசி போடுவார்கள், வழக்கமாக 100 யூனிட்டை இருபது இடங்களில் பிரித்து. பலன் ஆறு மாதம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். சிலருக்குப் பை ஒரேயடியாகச் சோம்பிப்போய் சில காலம் குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டிவரும், அதற்குத் தயாரா என்று முன்கூட்டியே கேட்பார்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில் மெல்லிய ஊசி வைத்து லேசான மின்தூண்டல் கொடுப்பது இன்னொன்று. வாரம் ஒருமுறை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். காலில் குத்தினால் பைக்கு என்ன என்று கேட்கத் தோன்றும், அங்கே ஓடும் நரம்பும் பையை ஆளும் நரம்பும் முதுகெலும்பின் அடியில் ஒரே இடத்தில் இருந்து கிளம்புகின்றன. அந்த அடியிலேயே மின்கம்பி வைத்து, இடுப்புச் சதைக்குள் சிறு கருவி பொருத்துவதும் உண்டு. முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, பலன் தெரிந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள்.

அறுவை என்றால்

அழுத்தக் கசிவுக்குப் பயிற்சி போதவில்லை என்றால் அறுவைதான் உறுதியான அடுத்த வழி. சிறுநீர்க்குழாயின் அடியில் ஒரு பட்டையைக் கொடுத்துத் தாங்கல் செய்வது அதில் பிரபலம், ஸ்லிங் என்பார்கள். பட்டை உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த திசுவாகவும் இருக்கலாம், மெஷ் எனப்படும் செயற்கை வலைப்பட்டையாகவும் இருக்கலாம். வலைப்பட்டை 1990-களின் பிற்பாதியில் ஸ்வீடனிலிருந்து பரவியது. சின்ன அறுவை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன். ஆனால் ஒரு பகுதியினருக்கு வலை சதையை அரித்து வெளியே தலைகாட்டுவது, தீராத வலி, உடலுறவில் வலி என்று வாழ்க்கையே புரண்டுபோனது. அவர்கள் சொன்னதைப் பல வருடம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடியபின், 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த அறுவைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உறுப்பு இறக்கத்துக்காக, அதாவது கர்ப்பப்பை போன்றவை கீழே இறங்குவதைத் தாங்க, யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கான பட்டை அந்த உத்தரவில் வரவில்லை, இரண்டும் வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் கருத்து, வலை என்றாலே ஓட வேண்டாம், ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்குள் வைக்கப்போவது என்ன, வலையில்லாத மாற்று உண்டா, பிரச்சினை வந்தால் யார் எடுப்பார்? மாற்றுகள் உண்டு. யோனிச் சுவரைத் தையல் போட்டு மேலே தூக்கி நிறுத்தும் பழைய அறுவை, குழாயைச் சுற்றி ஜெல் போன்ற பொருளை ஊசியால் ஏற்றிக் குறுக்குவது. ஜெல்லின் பலன் குறைவு, சிலருக்கு மறுபடி போட வேண்டிவரும், ஆனால் ரொம்ப எளிது.

அடி இறங்குவது

கசிவே இல்லாமல் வேறு விதமாகவும் தளம் கைவிடும். கீழே ஏதோ பிதுங்குகிறது, உட்கார்ந்தால் உருண்டை மேல் உட்கார்ந்ததுபோல இருக்கிறது, சாயங்காலமானால் கனக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது என்பார்கள். சிறுநீர்ப்பையோ கர்ப்பப்பையோ மலக்குடலோ யோனிச் சுவரைத் தள்ளிக்கொண்டு இறங்குவதுதான் இது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தானது இல்லை, புற்றுநோய்க் கட்டியும் இல்லை. தொந்தரவு இல்லாத லேசான இறக்கத்துக்கு வைத்தியமே வேண்டியதில்லை.

தொந்தரவு இருந்தால், கத்திக்கு முன்னால் பெஸரி என்று ஒன்று இருக்கிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். பழங்கால கிரேக்க மருத்துவத்தில் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கல் கொடுத்ததாகச் சொல்வார்கள், இன்றைக்கு அது மிருதுவான சிலிக்கோன் வளையம். அளவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. சிலர் தாங்களே கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்கிறார்கள், மற்றவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை போய் மாற்றிக்கொள்ள வேண்டும். வைத்ததை மறந்து வருடக்கணக்கில் விட்டால் உள்ளே புண்ணாகிவிடும். அறுவைக்கு உடம்பு தாங்காத பாட்டிமார்களுக்குத்தான் பெஸரி என்று ஓர் எண்ணம் இருக்கிறது, அப்படியில்லை, இள வயதுப் பெண்களும் உடற்பயிற்சி செய்யும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். அறுவை செய்தாலும் இறக்கம் திரும்ப வரலாம். இறங்கிய பை குழாயை மடக்கி அதுவரை கசிவை மறைத்து வைத்திருந்தால், சரிசெய்தபின் புதிதாகக் கசிவும் தலைகாட்டலாம்.

யாரும் வாயே திறக்காத விஷயம் மலமோ வாயுவோ கட்டுக்கு மீறிப் போவது. பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்தவர்களுக்கு உடனேயும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். இங்கே முதல் வேலை மலத்தின் பதத்தைச் சரிசெய்வது. இளகிப் போகிறவர்களுக்கு நார்ச்சத்து, தேவைப்பட்டால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை. அதோடு தளப் பயிற்சி, திரையில் தசைச் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழகும் பயோஃபீட்பேக், முன்பு சொன்ன மின்கருவி, சிலருக்குக் கிழிந்த தசையைத் தைக்கும் அறுவை. கசிவுக்கு வந்த பெண்ணிடம் மருத்துவர் இதைக் கேட்காமல் விட்டால் நீங்களே சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்கு நோட்டெல்லாம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, காய்ச்சலோடு எரிச்சல் என்றால் தள்ளிப்போடாமல் போக வேண்டும். சிறுநீர் திடீரென்று வரவே மறுத்தாலோ, தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், முதுகுவலியும் கால் பலவீனமும் சேர்ந்து கசிவு புதிதாகத் தொடங்கினாலோ, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் அடியில் நரம்புக்கொத்து நசுங்குவதாக இருக்கலாம், அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

மற்ற யாருக்கும் முதல் படி வாயைத் திறப்பதுதான், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எனக்கு நேரில் சொல்ல நாக்கு வரவில்லை. மூன்று நாள் குறிப்பின் மேலேயே இரண்டு வரி எழுதி, மடித்து, மேசையில் வைத்துவிட்டேன். டாக்டர் பிரித்துப் படித்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்: "தும்மும்போதா, ஓடும்போதா?"